பழந்தீவுகளின் சுறாக்கள்

இராஜராஜ சோழன் தன் வெற்றிகளைக் கல்லில் வெட்டுவித்தபோது, கடல் நடுவே கிடந்த பழந்தீவுகள் பன்னீராயிரத்தையும் தன் ஆணைக்குள் கொண்டுவந்ததாக எழுதச் செய்தான் என்பதும், அந்தப் பழந்தீவுகள் இன்று நாம் மாலத்தீவுகள் என்று வழங்கும் பவழத் தீவுக்கூட்டமே என்று சரித்திர ஆசிரியர்கள் பெரும்பாலும் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள் என்பதும் தமிழ் வாசகர்கள் அறிந்த செய்திகள்தாம். பன்னீராயிரம் என்பது மிகைக் கணக்கு. ஆனால் அதற்காக நம் மெய்க்கீர்த்திப் புலவரை மட்டும் குறை சொல்வதற்கில்லை. இந்துமகா சமுத்திரத்தின் தீவுகளை எண்ணப் புகுந்த மார்க்கோ போலோ 12,700 என்று கூசாமல் எழுதிவைத்தார். இக்காலத்து அளவையாளர் மாலத்தீவுகளை எண்ணிக் கண்ட தொகை 1,192. வடக்கிலிருந்து தெற்காக எண்ணூறு கிலோமீட்டருக்கு மேல், மாலை அறுந்து மணிகள் சிதறியதுபோல் கிடக்கும் இத்தீவுகள் வட்ட வட்டமான பவழ வளையங்களாகச் சேர்ந்திருக்கின்றன. அந்த வளையத்துக்கு அத்தீவினருடைய திவெஹி பாஷையில் ‘அதொளு’ என்று பெயர். உலகத்துப் பூகோள நூல்களெல்லாம் வழங்கும் ‘அடோல்’ என்ற சொல் அதிலிருந்து பிறந்ததே.

நமக்கும் அவர்களுக்கும் உள்ள உறவு அரசன் படையெடுத்த உறவு மட்டுமன்று. அவர்கள் படகைத் தோணி என்கிறார்கள். அவர்கள் உலர்த்தி அனுப்பும் சூரை மீன் யாழ்ப்பாணத்துச் சமையலறையிலும் தூத்துக்குடிக் கடைத்தெருவிலும் ‘மாசி’ என்ற பெயரோடு மணக்கிறது. கடலடிப் பாறைத்தொடரை அவர்கள் ‘ஃபரு’ என்று சொல்ல, நம் முத்துக்குளித்துறையார் ‘பார்’ என்று சொல்வது, சொல்லிலக்கண அறிஞர் என்ன தீர்ப்புச் சொன்னாலும், காதுக்கு உறவாகவே ஒலிக்கிறது. அந்தத் தீவுகளைச் சூழ்ந்த கடலில், சுறாக்களோடும் பெருந்திருக்கைகளோடும் மனிதன் இறங்கிப் பழகிய விருத்தாந்தத்தையே இங்கே சொல்லப் புகுகிறேன். இன்று உலகத்தின் நானா திசைகளிலிருந்தும் செல்வந்தர்கள் முதுகிலே காற்றுக் குடுவையைக் கட்டிக்கொண்டு, சுறாவைப் பக்கத்தில் பார்க்க வேண்டும் என்ற ஒரே ஆசையோடு அங்கே வந்து பணத்தைக் கொட்டுகிறார்கள். இந்த ஆசை மிகப் புதியது. இதற்கு முந்திய நூற்றாண்டுகளில் அந்த ஜந்துவைக் கண்டவர்களுக்கு இருந்த ஆசைகள் இரண்டுதான்: ஒன்று அதனிடமிருந்து தப்புவது, மற்றொன்று அதன் ஈரலை எடுப்பது.

முதல் ஆசைக்குச் சாட்சி பிரான்சுவா பிரார் என்ற பிரெஞ்சுக்காரர். 1602-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் அவர் ஏறிவந்த ‘கோர்பென்’ என்ற கப்பல், இன்று நிர்வாக முறையில் பா அடோலைச் சேர்ந்த கொய்தூ என்னும் பவழ வளையத்தில் மோதி உடைந்தது. பிழைத்தவர்களில் ஒருவரான பிரார், சுல்தானுடைய கைதியாகவும் பிற்பாடு ஏறக்குறைய அவருடைய ஆதரவு பெற்ற விருந்தாளியாகவும் ஐந்து ஆண்டுகள் அங்கே தங்கி, பாஷையைக் கற்று, கண்ணுக்குப் பட்டதையெல்லாம் மனத்தில் பதித்துக்கொண்டு, 1607-இல் வங்காளத்துக் கொள்ளைக் கப்பல்கள் வந்து சுல்தானைக் கொன்ற குழப்பத்தில் விடுதலை அடைந்து ஊர் திரும்பி ஒரு நூல் எழுதினார். அக்கடல்களில் மனிதரைத் தின்னும் பெருமீன்கள் இருப்பதையும், நீராடும்போதும் மீன்பிடிக்கும்போதும் அவற்றிடம் கையையோ காலையோ இழந்தவர்களைத் தாம் நேரில் கண்டதையும் அவர் குறித்திருக்கிறார்.

ஆனால் அவரை அதைவிட வியக்கச் செய்தது, அத்தகைய கடலில் அத்தீவினர் சர்வ சாதாரணமாக மூழ்கி வேலை செய்தது. அடியில் கிடக்கும் பெரும் பவழக் கல்லை மேலே கொண்டுவர அவர்களிடம் ஒரு யுக்தி இருந்தது. மூச்சடக்கி இறங்கும் குளியாள் ஒருவன் கல்லை உறுதியான கயிற்றால் பிணைத்துவிட்டு மேலே வருவான். பிறகு ‘காந்தூ’ என்று பிரார் எழுதும், நெட்டிபோல் இலேசான மரத்துண்டு ஒன்றைத் துளையிட்டுக் கயிற்றில் கோத்துக் கீழே தள்ளிக்கொண்டு போய்ச் சேர்ப்பார்கள். அதன்மேல் இன்னொன்று, அதன்மேல் மற்றொன்று என்று கோத்துக்கொண்டே போக, மரங்களின் மிதப்புச் சக்தி கல்லின் பாரத்தை வென்றவுடன் அது தானாகவே தரையை விட்டுக் கிளம்பி மேலே வந்துவிடும். மூழ்கிய கப்பல்களின் பீரங்கி முதலிய கனத்த பொருள்களையும் இவ்விதமே மீட்டார்கள். ஆர்க்கிமிடீஸின் சாஸ்திரத்தை ஏட்டில் படிக்காமலே கையால் படித்த ஜனங்கள் அவர்கள். மூச்சைத் தவிர வேறு கருவி அவர்களிடம் இல்லை.

இரண்டாவது ஆசையின் கதை இன்னும் நீண்டது. மாலத்தீவில் தேக்கு இல்லை; தென்னை மரமே அவர்களுக்குத் தோணி. அந்தத் தென்னம் பலகையை உப்பு நீரும் மரத்தைத் துளைக்கும் புழுக்களும் அரிக்காமல் காப்பதற்குப் பூசவேண்டிய எண்ணெய் சுறாவின் ஈரலிலிருந்து வந்தது. பெரிய இரும்புத் தூண்டிலில் இரை குத்தி, கையளவு தடித்த கயிற்றில் ஆழத்தில் இறக்கி, புலிச்சுறா போன்ற பெருஞ்சுறாக்களைப் பிடிக்கும் தொழில் பல தலைமுறைகளாக நடந்துவந்தது. யாரையும் கடிக்காமல், நுண்ணுயிர்களை வாயால் வடித்துத் தின்று திரியும் திமிங்கிலச் சுறாவும் அதன் பேரீரலை முன்னிட்டே தப்பவில்லை. அண்மைக் காலம்வரை ஆண்டுக்கு இருபது முப்பது பிடிபட்டுவந்தன. இதைக் கொடுமை என்று இன்றைக்கு எழுதுவது எளிது. எண்ணெய் பூசாத தோணி கடலில் தாங்காது, தோணி இல்லாதவன் வீட்டில் அடுப்பு எரியாது என்ற நிலையில் இருந்தவர்களை நோக்கி அந்தச் சொல்லை வீச எனக்கு மனம் வரவில்லை.

வெள்ளைக்காரச் சாஸ்திரிகள் வந்ததும் இந்த இரண்டு ஆசைகளும் மாறிவிடவில்லை. 1834 முதல் 1836 வரை கப்பல் தலைவர் ராபர்ட் மோர்ஸ்பி அத்தீவுகளை அளந்து வரைபடம் போட்டார். அந்தப் படங்களைக் கொண்டு சார்லஸ் டார்வின் பவழத் தீவுகள் எவ்வாறு உண்டாகின்றன என்ற தம் சித்தாந்தத்துக்கு வலுத் தேடினார். பிறகு ஸ்டான்லி கார்டினரும் அலெக்ஸாண்டர் அகாஸிஸும் வந்தார்கள். இவர்கள் அனைவரும் கடலை மேலிருந்து பார்த்தவர்கள். வலையிலும் வாளியிலும் வந்ததை ஆராய்ந்தார்களேயன்றி, நீருக்குள் தலையை நுழைத்து ஜீவராசிகள் தம் இயல்பில் வாழ்வதைப் பார்க்கும் வழி அவர்களுக்கு இல்லை.

அந்த வழியைத் திறந்தவர்களில் வியன்னா நகரத்து ஹன்ஸ் ஹாஸ் முக்கியமானவர். பிரான்சில் ஜாக் கூஸ்தோவும் எமில் காஞானும் சேர்ந்து, மூச்சு இழுக்கும்போது மட்டும் தேவையான அழுத்தத்தில் காற்றைத் தரும் திறப்பானை 1943-இல் செய்துமுடித்ததே பின்னாளில் உலகெங்கும் பரவிய ஸ்கூபா முறைக்கு மூலம். ஹாஸோ அதற்கு முன்பே வேறு வகையான பிராணவாயுக் கருவியை அணிந்து கிரேக்கக் கடலில் இறங்கியவர். அதற்கும் முன்னால், 1939-இல், கருவி ஒன்றுமில்லாமல் மூச்சடக்கியே கரீபியக் கடலின் குராசோ, பொனேர் தீவுகளில் சுறாக்களைப் படம் பிடித்தவர். அப்போது அவர் கண்ட உபாயம் ஒன்று வேடிக்கையானது: சுறா நெருங்கி வரும்போது நீருக்குள்ளேயே வாய்விட்டு ஓங்கிக் கத்தினால் அது திடுக்கிட்டுத் திரும்பிவிடுகிறது என்று அவர் நம்பினார், எழுதினார், பலமுறை செய்தும் காட்டினார். பின்னாளில் வேறு கடல்களில் அந்தக் கூச்சல் எப்போதும் பலிக்கவில்லை. ஒரு கடலில் கற்ற பாடம் அடுத்த கடலில் செல்லுபடியாகாமற்போவதைத் தம் உடம்பைப் பணயம் வைத்து அறிந்துகொண்ட அவர், அதையும் மறைக்காமல் சொன்னார் என்பதால் அவரிடம் எனக்கு மதிப்பு அதிகம்.

1951-இல் ஹாஸ் ‘ஸாரிஃபா’ என்ற மூன்று பாய்மரக் கப்பலை வாங்கினார். தையல் இயந்திரத்தால் பெரும் பொருள் சேர்த்த சிங்கர் குடும்பத்து வாரிசு ஒருவருக்காக 1927-இல் கட்டப்பட்ட உல்லாசக் கப்பல் அது. அதில் முதலில் கலாபகஸ் தீவுகளுக்குப் போய்வந்து, இரண்டாவது பிரயாணத்தில், 1957-58-இல், செங்கடல் வழியாக மாலத்தீவுகளையும் அப்பால் நிக்கோபார் தீவுகளையும் அடைந்தார். உடன் வந்தவர்களில் ஒருவர் ஐரேனயஸ் ஐபல்-ஐபெஸ்ஃபெல்ட். பிற்காலத்தில் மனித இயல்புகளைப் பற்றி எழுதிப் பெயர் பெற்றவர். மணலில் வளை தோண்டி வாலை ஊன்றிக்கொண்டு, வயலில் நெற்கதிர் அசைவதுபோல் நூற்றுக்கணக்காய் நீரோட்டத்தில் அசைந்து நிற்கும் ஒருவகை விலாங்கைக் கண்டு அவரும் உடன் வந்த மற்றோர் ஆய்வாளரான கிளாவ்ஸேவிட்ஸும் ஹாஸ் பெயரையே அதற்குச் சூட்டினார்கள். மாலத்தீவுச் சுறா தூண்டில் நுனியில் துள்ளும் பொருளாக அல்லாமல் தன் வீட்டில் உலாவும் பிராணியாகக் காணப்பட்டது ஏறக்குறைய அப்போதுதான்.

1972-இல் மாலத்தீவில் முதல் உல்லாச விடுதி குரும்பா என்ற பெயரில் திறக்கப்பட்டது. ‘குரும்பை’ என்று நாம் தென்னம் பிஞ்சைச் சொல்கிறோம். அவர்கள் ‘குரும்பா’ என்று இளநீரைச் சொல்கிறார்கள். முதலில் வந்தவர்களில் இத்தாலியர் பலர். அடுத்து ஜெர்மானியர் வந்தார்கள். அவர்களோடு காற்றுக் குடுவைகளும் வந்தன. வந்தவர்கள் விரைவிலேயே கண்டுகொண்ட விஷயம், அடோலின் வளையத்தில் ஆங்காங்கே உள்ள வாய்க்கால்களில் சுறாக்கள் கூடுகின்றன என்பது. ‘கந்து’ எனப்படும் இந்த வாய்க்கால்களின் வழியாக, பருவக் காற்று எந்தத் திசையிலிருந்து வீசுகிறதோ அந்தத் திசையிலிருந்து சமுத்திரத்தின் தெளிந்த நீர் உள்ளே பாய்கிறது. அந்தப் பாய்ச்சலின் வாயிலில், கழுகு காற்றில் சிறகை அசைக்காமல் நிற்பதுபோல், சாம்பல் நிறப் பாறைச்சுறாக்கள் வாலைச் சிறிதே அசைத்தபடி எதிர்நீரில் நின்றுகொண்டிருக்கும். வளையத்தைக் கடந்து எதிர்ப்புறம் வெளியேறும் நீரோ நுண்ணுயிர் செறிந்து கலங்கலாயிருக்கும். அந்த நுண்ணுயிர்களை உண்ணும் ஆனைத் திருக்கைகள் அந்தப் பக்கம் போய்விடும். ஆகவே நம் கடற்கரையார் கச்சான் என்று சொல்லும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் திருக்கையைத் தேடுபவன் கிழக்கே போகவேண்டும்; காற்று திரும்பினால் மேற்கே. இந்தப் பஞ்சாங்கத்தை மீனவர்கள் முன்பே அறிந்திருந்தார்கள். முக்குளிப்பு ஆசிரியர்கள் அவர்களிடமே கற்றார்கள்.

ஆரம்பத்தில் சில அசட்டுத் துணிச்சல்களும் நடந்தன. சுறாவுக்குக் கையால் மீன் ஊட்டுவதும், அதையும் தாண்டி வாயில் மீனைக் கவ்விக்கொண்டு நீட்டுவதும் ஒரு காட்சியாகவே நடத்தப்பட்டன. கிட்டத்தட்ட சர்க்கஸ்தான். அது சீக்கிரமே மதிப்பிழந்ததில் வருத்தப்பட ஒன்றுமில்லை.

இதே ஆண்டுகளில் மறுபுறம் வேறொரு வேகம் பிடித்தது. நம் கடற்கரை வியாபாரிகள் ‘பீலி’ என்று சொல்லும் சுறாத்துடுப்புக்குச் சீன விருந்துகளில் இருந்த கிராக்கி ஏறிக்கொண்டே போயிற்று. நீள்கயிற்றுத் தூண்டில்களும் வலைகளும் பெருகின. 1980-இல் ஆழ்கடல் முள்சுறாவின் ஈரல் எண்ணெய்க்காகத் தொடங்கிய புதுத் தொழில் சில ஆண்டுகளுக்குள் அந்த மீனையே அருக்கிவிட்டுச் சரிந்தது. ஒரே பாரில் காலையில் வெளிநாட்டுக்காரன் சுறாவைப் பார்க்க இறங்க, மாலையில் உள்ளூர்க்காரன் அதே சுறாவைப் பிடிக்க இறங்கினான். சண்டை மூளாமல் என்ன செய்யும்?

சண்டைக்கு நடுவே ஒரு கணக்குப் புத்தகம் வந்து நின்றது. 1993-இல் சார்லஸ் ஆண்டர்சன், ஹுதா அகமது என்ற இரு ஆய்வாளர்கள் மாலத்தீவுச் சுறா மீன்பிடிப்பைப் பற்றி வெளியிட்ட அறிக்கை அது. அதற்கு முந்திய ஆண்டில் சுறாவைப் பார்க்கவென்று இறங்கியவர்கள் செலவிட்ட தொகை 23 இலட்சம் அமெரிக்க டாலர் என்று அவர்கள் கணித்தார்கள். சுறாப் பொருள்களின் ஏற்றுமதியால் வந்ததோ சுமார் 7 இலட்சம். அதைவிடக் கூர்மையானது அடுத்த கணக்கு. மீனவன் ஒரு சாம்பல் சுறாவைப் பிடித்துக் கொன்று விற்றால் அவனுக்கு ஒரே ஒருமுறை கிடைப்பது 32 டாலர். அதே சுறா முக்குளிப்பவர் வரும் ஓரிடத்தில் உயிரோடு உலாவினால் ஆண்டுதோறும் ஈட்டித் தருவது சராசரி 3,300 டாலர். அரி அடோலில் முஷிமஸ்மிங்கிலி திலா என்ற புகழ்பெற்ற நீரடி மேட்டில் வாழ்வதாயிருந்தால் 33,500 டாலர். மீனை எடைபோட்டே பழகிய உலகில், நீந்திக்கொண்டிருக்கும் மீனுக்கு விலை போட்ட முதற்கணக்குகளில் இது ஒன்று. பின்னாளில் பற்பல நாடுகளில் இதைப் பார்த்து இதேபோல் எழுதினார்கள்.

இந்தக் கணக்கைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இருமனமாக இருக்கும். ஒரு ஜீவன் உயிரோடிருப்பதற்குத் தன் வருமானத்தைச் சமர்ப்பித்து நியாயம் கேட்கவேண்டியிருப்பது மனத்தை உறுத்துகிறது. என்றாலும், ஜீவகாருண்யம் பேசியவர்களால் அசைக்க முடியாத அரசாங்க நாற்காலிகளை இந்த ஐந்து எண்கள் அசைத்தன என்பது பிரத்தியட்சம். அந்த அறிக்கை சொல்லாமல் விட்ட வினா ஒன்றும் உண்டு: 33,500 டாலர் எவன் கைக்குப் போகிறது? 32 டாலர் மட்டும் நேராக மீனவன் கைக்கு வந்தது. மற்றத் தொகையில் பெரும்பங்கு விடுதிக்கும் படகுக்காரனுக்கும் போயிற்று. சுறா பிடித்து வாழ்ந்த தீவினர் உல்லாச விடுதிக்குள் கால்வைக்கவே காரணம் சொல்லவேண்டிய காலம் அது. ஆகையால் அடுத்த சில ஆண்டுகளில் அந்தப் புகழ்பெற்ற மேட்டுச் சுறாக்களே பெரும்பாலும் தூண்டிலுக்கு இரையானதைக் கேட்டு நான் ஆச்சரியப்படவில்லை. பாதுகாக்கப்பட்ட இடம் என்று 1995-இல் அதற்குப் பட்டம் கட்டியும் பலன் இல்லை.

சட்டங்கள் படிப்படியாக வந்தன. 1995-இல் திமிங்கிலச் சுறாவைப் பிடிப்பது விலக்கப்பட்டது. 1998-இல் விடுதிகள் மிகுந்த ஏழு அடோல்களில் பத்து ஆண்டுகளுக்குச் சுறாப் பிடிப்பு நிறுத்தப்பட்டது. 2009-இல் பாறைச்சுறாக்களுக்குக் காப்பு வந்தது. 2010 ஜூலை 1 முதல் நாட்டின் கடல் முழுவதிலும் எந்தச் சுறாவையும் பிடிக்கலாகாது என்றாயிற்று. சிறிது முன்பாகப் பசிபிக் கடலின் பலாவ் தேசம் செய்ததை விட்டால் உலகில் இது இரண்டாவது. சுறாத் தொழிலை விட்டவர்களின் மனக்குறை இதனால் அடங்கிவிடவில்லை. தூண்டிலில் ஏறிய சூரையைச் சுறா பாதியாகக் கடித்துக்கொண்டு போகிறது என்ற முறையீடு ஆண்டுக்கு ஆண்டு வளர்ந்தது. 2021-இல் தடையைத் தளர்த்தலாமா என்ற பேச்சு அரசு வட்டாரத்திலேயே எழுந்து, எதிர்ப்பைக் கண்டு அடங்கியது. ஆயினும் மீனவர் எல்லாரும் ஒரே பக்கம் நின்றார்கள் என்று நினைத்துவிடலாகாது. தூண்டிற்கோலால் சூரை பிடிப்பவர்களில் பலர், மீன்கூட்டத்தோடு கூடவே திரியும் ஒருவகைச் சுறாவை ‘ஐனு மியரு’, அதாவது கூட்டத்துச் சுறா, என்று அழைத்து, அது இருந்தால்தான் சூரை சிதறாமல் நிற்கும் என்று தொன்றுதொட்டே நம்பிவந்தவர்கள். ஆட்டு மந்தைக்கு நாய் எப்படியோ அப்படி. சுறாவை அழித்தால் சூரையும் போய்விடும் என்று ஆய்வாளருக்கு முன்பே அவர்கள் வாதாடியிருக்கிறார்கள்.

இன்று தெற்கு அரி அடோலின் மாமிகிலிப் பக்கம், முன்னாளில் ஈரலுக்காகக் குத்தப்பட்ட திமிங்கிலச் சுறாக்களை ஆண்டு முழுவதும் காணலாம். பெரும்பாலும் வயதுவராத ஆண்கள். ஒவ்வொன்றின் செவுளுக்குப் பின்னால் உள்ள வெள்ளைப் புள்ளிகளின் அமைப்பு நம் கைரேகைபோல் தனித்தனியானது. அந்தப் புள்ளிகளை ஒப்பிட்டு அடையாளம் காண்பதற்கு ஆய்வாளர்கள் எடுத்தாண்ட கணித முறை, வானசாஸ்திரிகள் நட்சத்திரக் கூட்டங்களை ஒப்பிடுவதற்கென்று உண்டாக்கியது. தெற்கே, பூமத்திய ரேகையை ஒட்டித் தனியே கிடக்கும் ஃபுவஹ்முலா தீவில், துறைமுகத்தில் எறியப்படும் சூரைக் கழிவுக்குப் பழகிவந்த புலிச்சுறாக்கள் இருநூற்றுக்கும் மேற்பட்டவை அடையாளம் காணப்பட்டிருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை பெண்கள், சில சூல்கொண்டவை. மீன் கழுவிய இடத்தில் பூனை கூடுவதுபோல் அவை கூட, அவற்றைப் பார்க்க மனிதர் கூடுகிறார்கள். பழைய இரை ஊட்டும் வேடிக்கை வேறு வேஷத்தில் திரும்பிவிட்டதோ என்று சிலர் ஐயுறுகிறார்கள். எனக்கும் அந்த ஐயம் உண்டு.

பிராருடைய கப்பல் உடைந்த பா அடோலின் கிழக்கு விளிம்பில் ஹனிஃபரு என்ற சிறு குடா இருக்கிறது. கச்சான் காலத்தில் நீரோட்டம் நுண்ணுயிர்களை அதற்குள் தள்ளிச் சிறைப்படுத்தும் நாட்களில், ஆனைத் திருக்கைகள் நூறு வரையிலும் அங்கே திரண்டு, ஒன்றன் வாலை ஒன்று தொடர்ந்து சுழல்காற்றுப்போல் வட்டமிட்டு உண்ணும். கூட்டம் பெருகி, குடுவைகளிலிருந்து கிளம்பும் குமிழிகளும் நெரிசலும் அவற்றின் பந்தியைக் குலைத்தன. 2009-இல் அந்தக் குடா பாதுகாக்கப்பட்டது. 2011-இல் பா அடோல் முழுவதும் யுனெஸ்கோவின் உயிர்க்கோளக் காப்பகமாயிற்று. 2012 முதல் காற்றுக் குடுவையோடு அங்கே இறங்க அனுமதி இல்லை. ஒரு சமயத்தில் எண்பது பேருக்கு மேல் நீரில் இருக்கக் கூடாது. ஒவ்வொருவருக்கும் நாற்பத்தைந்து நிமிஷம். திருக்கை ஆழத்தில் போனால், அதைப் பார்க்க விரும்புபவர் பிரார் கண்ட குளியாளைப்போல் மூச்சை அடக்கிக்கொண்டுதான் போகவேண்டும்.